அந்தக் குடாவுக்கு நடந்துதான் போக வேண்டும்

சார்டினியா படங்களைப் போட்டதிலிருந்து ஒரே கேள்வியைத்தான் ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். "அந்த ஊசி மாதிரி பாறை நிக்குதே, அந்தக் கடற்கரைக்கு எப்படிப் போறது? படகு நேரா கரைக்கே போகுமா?" போகாது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வழியோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு கருத்தும் எனக்கு இருக்கிறது.

அந்த இடத்தின் பெயர் காலா கொலோரிட்ஸே. இத்தாலியின் சார்டினியா தீவில் கிழக்குக் கரையில், ஒரோசெய் வளைகுடாவில், பவுனெய் என்ற மலையூருக்குச் சொந்தமான சிறு குடா. 2025இல் 'உலகின் சிறந்த 50 கடற்கரைகள்' பட்டியலில் முதலிடம் இதற்குத்தான் கிடைத்தது. கோடைப் பருவத்தில் ஒரு நாளைக்கு 250 பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள். ஆப் வழியாக முன்பதிவு செய்ய வேண்டும், தலைக்கு 7 யூரோ. சாலை கிடையாது. படகும் கரையைத் தொடக் கூடாது. இந்தக் கட்டுப்பாடு சரியானது என்பதுதான் என் கருத்து. அந்தக் கட்டுப்பாட்டால் என் அம்மாவால் அங்கே கால் நனைக்க முடியாமல் போனது. அதற்கப்புறமும் சரி என்றே சொல்கிறேன்.

நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம். அம்மா மூன்று மாத விசாவில் வந்திருந்தார். செப்டம்பரில் மகளுக்குக் கிடைத்த சில நாள் விடுமுறையில் நாலு பேருமாகச் சார்டினியா கிளம்பினோம். அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. மலைப்பாதை நினைத்தே பார்க்க முடியாது என்பதால் படகுப் பயணத்துக்குப் பதிவு செய்தேன். "கரையில் இறக்கிவிடுவீர்களா, வயதானவர் வருகிறார்" என்று இரண்டு முறை கேட்டேன். பதிவு செய்துகொடுத்த முகவர் இரண்டு முறையும் "நிச்சயமாக" என்றார்.

சாந்தா மரியா நவரேசே துறையிலிருந்து காலையில் படகு கிளம்பியது. வடக்கே போகப் போக மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. நடுவில் ஊர் இல்லை, வீடு இல்லை, ஒரு மின்கம்பம்கூட இல்லை. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையும் அதில் தொற்றிக்கொண்டு நிற்கும் பச்சையும்தான். பெத்ரா லோங்கா என்ற கூர்ப்பாறையைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஒரு திருப்பத்தில் அந்த ஊசிப்பாறை தெரிந்தது. 'அகூல்யா' என்கிறார்கள், அதற்குப் பொருளே ஊசிதான். உயரம் 143 மீட்டர். அதன் அடியில் கைப்பிடி அளவுக்கு வெள்ளைக் கரை. ஓரத்தில் கடலுக்குள் இறங்கி நிற்கும் ஒரு கல் வளைவு. தண்ணீரின் நிறம் கரையிலிருந்து தள்ளித் தள்ளி மாறிக்கொண்டே வருகிறது. அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

மிதவைகள் வரிசையாகக் கட்டியிருந்த இடத்தில் படகு நின்றுவிட்டது. அதற்கு மேல் போகக் கூடாது என்றார் படகோட்டி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. முகவர் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் அந்தப் பக்கத்துக்காரர், அறுபது வயது இருக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இங்கே எந்தப் படகும் இறக்காது, யார் அப்படிச் சொன்னாலும் பொய் என்றார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார், அவர் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் கயிறு கட்டிய ஒரு வாளியை எடுத்து வந்தார். கடலுக்குள் விட்டு மொண்டு மேலே இழுத்தார். அம்மாவின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு பாதத்திலும் மெதுவாக ஊற்றினார். முதலில் வலது கால், அப்புறம் இடது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடி மாதிரி இருந்த அந்தத் தண்ணீர் கொலுசைத் தாண்டி வழிந்து படகின் மரப்பலகையில் ஓடியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "சில்லுன்னு இருக்கு" என்றார் அம்மா. அவ்வளவுதான்.

முகவர் காசைத் திருப்பித் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: கொலோரிட்ஸேயில் படகிலிருந்து இறக்கிவிடுவதாக யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

திரும்பும் வழியில் படகோட்டி இன்னொன்றும் சொன்னார். இந்தக் கரை பழைய கரையே இல்லையாம். 1962இல் மலைச்சரிவு ஏற்பட்டு, விழுந்த கல்லில் உருவானதாம். மகள் அதைத் தமிழில் சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் 1957இல் பிறந்தவர். "அப்போ இது என்னைவிடச் சின்னப் பிள்ளை!" என்றார். அன்று இரவு ஊருக்குப் பேசிய எல்லா போனிலும் இதைத்தான் சொன்னார்.

இந்த ஒரு தகவல்தான் என் மனதையும் மாற்றியது. அதுவரை கடற்கரைக்குக் கூட்டக் கட்டுப்பாடு என்றால் எனக்கு எரிச்சல்தான். கடல் எல்லோருக்கும் பொது, அதற்கு எதற்கு டிக்கெட் என்று நினைத்தவள் நான். ஆனால் ஒரு மலை ஒருமுறை சரிந்து கொடுத்த கல்லில் ஆன கரை அது. அறுபது ஆண்டுகளாக அலை அந்தக் கற்களை உருட்டி உருட்டித்தான் இன்று கூழாங்கற்களாகக் கிடக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் பார்ப்பதுபோல் மைல் கணக்கில் நீளும் மணல்வெளி அல்ல அது. நான் பார்த்தவரை பெரிய கல்யாண மண்டப முற்றம் ஒன்றின் அளவுதான் இருக்கும். அதில் ஆயிரம் பேர் போய் ஆளுக்கு ஒரு கல் எடுத்தால் என்ன மிஞ்சும்?

கல்லை யார் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். எடுக்கிறார்கள். அதே சார்டினியாவின் வடக்கே புதெல்லி தீவில் ஒரு இளஞ்சிவப்பு மணற்கரை இருக்கிறது. கடலில் வாழும் மிகச் சிறிய உயிரியின் கூடு உடைந்து மணலோடு கலப்பதால் வரும் நிறம் அது. வந்தவர்கள் எல்லாம் புட்டியில் அள்ளிக்கொண்டு போனார்கள். 1990களில் அந்தக் கரையை மூடினார்கள், இன்றுவரை மிதிக்க அனுமதி இல்லை. 2017இல் சார்டினியாவில் மணல், கல், சிப்பி எடுத்தால் 500 முதல் 3000 யூரோ வரை அபராதம் என்று சட்டமே கொண்டுவந்தார்கள். 2019இல் பிரான்சிலிருந்து வந்த ஒரு ஜோடி தெற்கே கியா கடற்கரையிலிருந்து 40 கிலோ மணலை பிளாஸ்டிக் புட்டிகளில் அடைத்துக் காரில் ஏற்றிக் கொண்டுபோகும்போது பிடிபட்டது. நினைவுப் பொருளுக்கு என்றார்களாம். 40 கிலோ!

கட்டுப்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்துத் தீவுகளைப் பார்த்தால் போதும். ஸ்பெயினின் மயோர்காவில் காலோ தெஸ் மோரோ என்று இதேபோல் ஒரு குட்டிக் குடா. இன்ஸ்டாகிராம் படங்களால் உலகத்துக்கே தெரிந்துபோனது. உள்ளூர்க்காரர்களுக்குத் தங்கள் கரையில் துண்டு விரிக்க இடமில்லாமல் போனது. 2024 ஜூனில் சில நூறு பேர் காலையிலேயே போய்ப் பதாகைகளோடு அந்தக் கரையை நிரப்பி உட்கார்ந்தார்கள். சொந்த ஊர்க் கடலில் உட்காரப் போராட்டம் நடத்த வேண்டிய நிலை வந்திருக்கிறது. ஒரு ரீல்ஸ் பார்த்துவிட்டு "இங்கே போகலாமா" என்று நண்பருக்கு அனுப்பிய நம் ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு. எனக்கும் உண்டு.

சரி, நடந்து போன கதைக்கு வருகிறேன்.

இரண்டு நாள் கழித்துக் கணவரும் மகளும் நானும் போவதற்கு டிக்கெட் கிடைத்தது. அம்மாவும் மேலே வரை வருகிறேன் என்றார். பவுனெயிலிருந்து கொண்டை ஊசி வளைவுச் சாலையில் ஏறினால் கோல்கோ என்ற மேட்டுச் சமவெளி வருகிறது. கழுதைகளும் பன்றிகளும் தம்பாட்டில் திரிகின்றன. அங்கே சூ போர்தெத்து என்ற இடத்தில் காரை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். டிக்கெட் பார்த்த பெண் முதலில் எங்கள் காலணிகளைப் பார்த்தார், அப்புறம் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். அம்மாவை ஒரு பழைய ஓக் மர நிழலில், மடக்கு நாற்காலியும் எலுமிச்சை சாதமுமாக உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

மூன்றரை கிலோமீட்டர், கிட்டத்தட்ட 470 மீட்டர் இறக்கம். முதலில் கொஞ்சம் ஏற்றம், அப்புறம் முழுக்க இறக்கம்தான். உருளும் சுண்ணாம்புக் கல். எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வழியில் ஜூனிபர் கட்டைகளைக் கூம்பாகச் சாய்த்துக் கட்டிய ஆட்டிடையர் குடில் ஒன்று இருக்கிறது. இந்த மலைக்காடுகளில் ஒரு காலத்தில் கரிமூட்டம் போட்டார்கள். கரி சுட வந்தவர்களும் இடையர்களும் நடந்து நடந்து தேய்ந்த தடங்கள்தான் இன்று உல்லாசப் பயணிகளுக்குப் பாதை. அழகு பார்க்கப் போட்ட பாதை இல்லை இது, பிழைப்புக்குப் போட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

கடைசித் திருப்பத்தில் மரங்கள் விலகி, ஊசிப்பாறை தலைக்கு மேலே வந்துவிடுகிறது. 1981இல் இத்தாலியின் பெயர்பெற்ற பாறையேறிகள் இருவர், மனோலோ என்று அழைக்கப்படும் மவுரிட்ஸியோ ட்ஸனொல்லாவும் அலெஸ்ஸாந்த்ரோ கொன்யாவும், அதில் ஏறினார்கள். நாங்கள் போன அன்றும் பாதி உயரத்தில் இரண்டு புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. மகள் குளிக்காமல் அரைமணி நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையில் கடை இல்லை, குடை வாடகை இல்லை, கழிப்பறையும் இல்லை. ஒலிபெருக்கி இல்லை. ஜெட் ஸ்கீ இல்லை. ஆட்கள் இருந்தார்கள்தான், ஆனால் அலை பின்வாங்கும்போது கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசி எழும்பும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அரிசியை முறத்தில் போட்டுப் புடைக்கும்போது வருமே, கிட்டத்தட்ட அந்தச் சத்தம். இறங்கினால் இரண்டு எட்டில் ஆழம். நீந்திக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு குளிர்ந்த ஓட்டம் உடம்பைத் தொட்டுவிட்டுப் போகும். சுண்ணாம்பு மலைக்குள் இறங்கும் மழைநீர் அடியில் ஊற்றாகக் கடலில் கலக்கிறது. உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் தண்ணீர், எண்ணெய் விட்டதுபோல் நெளிந்து தெரிகிறது.

மகள் ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். கோழிமுட்டையில் பாதி இருக்கும், பால் வெள்ளை, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு கோடு. பாட்டிக்கு என்றாள். எனக்கும் கொடுக்க ஆசைதான், மறைக்க மாட்டேன். "பாட்டியைவிடச் சின்னப் பிள்ளை இது, வீட்டைவிட்டுக் கூட்டிக்கிட்டுப் போலாமா?" என்று கேட்டார் என் கணவர். அவள் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் எறியவில்லை, தண்ணீர் தொடும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

கரை கிழக்கைப் பார்த்தது, பின்னால் மலை. பிற்பகலிலேயே நிழல் விழுந்துவிடும். காலையில் கிளம்புங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது அந்த 470 மீட்டரையும் வெயிலில் ஏற வேண்டும், இறங்கியதைவிட அதிக நேரம் பிடிக்கும். சாதாரணச் செருப்பு வேண்டாம்.

இப்போது அந்தக் கேள்வி. நடக்க முடியாதவர்கள் என்ன செய்வது? முட்டி தேய்ந்த அம்மாக்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள்? இது நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வாரத்தில் ஒரு நாள், நடக்க முடியாத பத்துப் பேருக்கு மட்டும் ஒரு சிறு படகைக் கரைக்கு விடலாமே என்று தோன்றுகிறது. அந்த ஊர்க்காரர்கள் அதை யோசித்தால் சந்தோஷப்படுவேன். ஆனால் அதற்காக எல்லாப் படகையும் விடச் சொல்ல மாட்டேன்.

டிக்கெட் விலையை 200 யூரோ ஆக்கியிருந்தாலும் கூட்டம் குறைந்திருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். அப்படிச் செய்யவில்லை. 7 யூரோதான், எண்ணிக்கைதான் கட்டுப்பாடு. முதலாளிக்கும் கல்லூரி மாணவனுக்கும் அதே டிக்கெட், அதே மூன்றரை கிலோமீட்டர், அதே வியர்வை. சொந்தப் படகில் வந்த பணக்காரரும் எங்கள் அம்மாவும் அதே மிதவைக்கு வெளியேதான் நின்றார்கள். காசு உள்ளவனுக்குத் தனிக் கரை என்று ஆகிவரும் காலத்தில் இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. டிக்கெட் கிடைக்காவிட்டால் வேறு நாள் முயற்சி செய்யுங்கள், இல்லையென்றால் வேறு கரைக்குப் போங்கள். அந்தத் தீவில் கரைக்குப் பஞ்சமில்லை. வேலியைத் தாண்ட மட்டும் வழி கேட்காதீர்கள், தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

நாங்கள் மேலே ஏறி வந்தபோது மாலை நான்கு மணி தாண்டிவிட்டது. டிக்கெட் பார்க்கும் பெண்ணோடு எப்படியோ நட்பாகி, அவருக்கும் எலுமிச்சை சாதம் கொடுத்திருந்தார் அம்மா. மகளின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"தண்ணி எப்படிடி இருந்துச்சு?"

"சில்லுன்னு இருந்துச்சு பாட்டி."

"ஆமா," என்றார் அம்மா. "அன்னிக்கும் அப்படித்தான் இருந்துச்சு."