வட்டு இருக்கிறது ஐயா, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை

கடையிலிருந்து வாங்கி வந்த புத்தம்புதிய லேப்டாப்பில் விண்டோஸ் நிறுவலாம் என்று பென்டிரைவைச் செருகி, மொழியைத் தேர்ந்தெடுத்து, நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு, எந்த வட்டில் நிறுவுவது என்ற கட்டத்துக்கு வந்து சேர்ந்தால், அங்கே பட்டியல் காலியாக இருக்கிறது. அதன் கீழே, வட்டு எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும், சேமிப்பகத்துக்கான டிரைவரை, அதாவது வன்பொருளோடு இயங்குதளம் பேச உதவும் மென்பொருளைப் பெற 'லோட் டிரைவர்' பொத்தானை அழுத்துமாறும் ஓர் அறிவிப்பு. இந்த அறிவிப்பை எழுதியவரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். இரண்டே வாக்கியங்களில் இரண்டு பொய்களைச் சொல்ல அபாரமான திறமை வேண்டும். வட்டு இல்லாமல் போகவில்லை. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் சென்று பார்த்தால், வட்டாக இருக்கும் எஸ்எஸ்டியின் பெயரும் வரிசை எண்ணும் கொள்ளளவும் பளிச்சென்று தெரிகின்றன. அந்தப் பொத்தானை அழுத்தினால் டிரைவர் கிடைக்கும் என்பது அதைவிடப் பெரிய பொய். அழுத்தினால் ஒரு கோப்புறையைத் தேடச் சொல்லும் சிறு சாளரம் திறக்கிறது, அவ்வளவுதான். டிரைவரை நீங்கள்தான் எங்கிருந்தோ கொண்டுவந்திருக்க வேண்டும். பந்தியில் உட்கார வைத்துவிட்டு, இலையை உங்கள் வீட்டிலிருந்து எடுத்து வாருங்கள் என்று சொல்வதை உபசாரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கணினித் துறையில் மட்டும் அதற்கு நிறுவல் வழிகாட்டி என்று பெயர்.

உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால் கோபம் இன்னும் கூடும். இன்று லேப்டாப்புகளில் வரும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டிகளை இயக்கத் தேவையான டிரைவர், 2013-இல் வந்த விண்டோஸ் 8.1 முதலே இயங்குதளத்தோடு சேர்ந்து வருகிறது. ஆகவே எஸ்எஸ்டியின் மேல் குற்றம் இல்லை. 2020-இல் இன்டெல் வெளியிட்ட பதினோராம் தலைமுறைச் செயலிகள் முதல், விஎம்டி என்ற ஓர் இடைத்தரகர் சாதாரண லேப்டாப்புகளுக்குள்ளும் நுழைந்துவிட்டார். இது இயக்கத்தில் இருக்கும்போது, எஸ்எஸ்டி நேரடியாக இயங்குதளத்தின் பார்வைக்கு வராது. விஎம்டி என்ற கட்டுப்படுத்திதான் முன்னால் நிற்கும், எஸ்எஸ்டி அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்தக் கட்டுப்படுத்தியோடு பேச இன்டெல்லின் தனி டிரைவர் வேண்டும். பென்டிரைவில் உள்ள விண்டோஸ் கோப்புத் தொகுப்புக்கு நிறுவல் படிமம் என்று பெயர்; அந்த டிரைவர் இல்லாத படிமத்துக்கு, வட்டே இல்லாத கணினியும் விஎம்டி உள்ள கணினியும் ஒன்றுதான்.

இந்த விஎம்டி உருவானது சர்வர்களுக்காக. வரிசையாகப் பல எஸ்எஸ்டிகள் பொருத்தப்பட்ட சர்வரில், இயந்திரத்தை நிறுத்தாமலே ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருகவும், பலவற்றை ரெய்டு முறையில் ஒரே வட்டுபோல ஒன்றிணைக்கவும், பழுதானது எது என்று விளக்கு எரிய வைத்துக் காட்டவும் இப்படி ஒரு மேலாளர் தேவைப்படுகிறார் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு எஸ்எஸ்டி மட்டுமே பொருத்தக்கூடிய, கல்லூரி மாணவர் கட்டுரை எழுதவும் படம் பார்க்கவும் வாங்குகிற லேப்டாப்பில், எதை எதனோடு இணைப்பதற்காக இந்த ரெய்டு ஏற்பாடு ஆலையிலேயே இயக்கி வைக்கப்படுகிறது? இருப்பது ஒரே ஆள். அவரையும் மறைத்து வைத்துவிட்டு, ஆளைக் காணவில்லை என்று அறிவிக்கிறார்கள்.

இடம் போதாமல் டிரைவரைச் சேர்க்கவில்லை என்று சொல்ல முடியாது. இன்றைய விண்டோஸ் நிறுவல் படிமம் ஐந்து ஜிபியைத் தாண்டிவிட்டது. விடுபட்ட இந்த டிரைவரோ சில எம்பி அளவுதான். விண்டோஸ் 10-க்குள் 3வேர் நிறுவனத்தின் ரெய்டு அட்டைகளுக்கான டிரைவர்கூடப் பத்திரமாக இருக்கிறது. அந்த 3வேர் நிறுவனத்தையே 2009-இல் எல்எஸ்ஐ வாங்கிவிட்டது. எந்த வீட்டு லேப்டாப்பிலும் இருந்திராத அட்டைக்கு இடம் உண்டு, கடைகளில் குவிந்து கிடக்கும் லேப்டாப்பின் ஒரே வட்டுக்கு இடமில்லை.

இந்த அவலம் புதிதாக இருந்தால், சரி, அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்வார்கள் என்று விட்டுவிடலாம். விண்டோஸ் எக்ஸ்பி 2001-இல் வந்தபோது, நிறுவல் தொடங்கியதும் நீலத்திரையின் அடியில் சில விநாடிகள் மட்டும் ஒரு வரி தோன்றி மறையும்: வெளியார் தயாரித்த ஸ்கஸி (வட்டுகளை இணைக்கும் ஒரு பழைய முறை) அல்லது ரெய்டு டிரைவரை ஏற்ற வேண்டுமென்றால் எஃப்6 விசையை அழுத்துங்கள் என்று. அந்தச் சில விநாடிகளைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சரியாக அழுத்தினாலும் டிரைவரை ஃபிளாப்பியிலிருந்து மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும். சிடியிலோ பென்டிரைவிலோ வைத்திருந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. சாட்டா வட்டுகள் ஏஹெச்சிஐ என்ற புதிய இணைப்பு முறைக்கு மாறி, கணினிகளிலிருந்து ஃபிளாப்பி டிரைவே காணாமல் போய்க்கொண்டிருந்த காலத்திலும் இதே கதைதான். ஒரே ஒரு டிரைவருக்காக ஃபிளாப்பி டிரைவைக் கடன் வாங்கி மாட்டியவர்களும், என்லைட் போன்ற மென்பொருளைக் கொண்டு டிரைவரைச் சேர்த்துத் தாமே புதிய நிறுவல் சிடி எரித்தவர்களும், இவை எதுவும் தெரியாமல் 7பி என்ற பிழை எண்ணோடு வந்த நீலத்திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அன்று ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

2007-இல் விஸ்டா வந்தபோது பென்டிரைவிலிருந்து டிரைவரை ஏற்றும் வசதி கிடைத்தது. அதற்குப் பிறகு வேறு வடிவத்தில் தொல்லை வந்தது. விண்டோஸ் 7 படிமத்தில் யுஎஸ்பி 3.0-க்கான டிரைவர் கிடையாது. யுஎஸ்பி 3.0 துளையில் பென்டிரைவைச் செருகி நிறுவத் தொடங்கினால், தேவையான சிடி அல்லது டிவிடி டிரைவின் டிரைவர் இல்லை என்று அது புலம்பும். கணினியில் டிவிடி டிரைவே இருக்காது. நிறுவல் நடந்துகொண்டிருப்பதோ பென்டிரைவிலிருந்து. ஆனாலும் அதற்கு டிவிடி டிரைவின் டிரைவர் வேண்டுமாம். பென்டிரைவைப் பக்கத்தில் உள்ள யுஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றினால் வேலை நடந்துவிடும் என்ற ஒற்றைத் தகவலைச் சொல்ல அந்த அறிவிப்புக்கு மனம் வரவில்லை. 2015-இல் இன்டெல்லின் ஸ்கைலேக் செயலிகள் வந்து, பழைய யுஎஸ்பி கட்டுப்படுத்தியையே நீக்கியபோது, விண்டோஸ் 7 நிறுவல் திரையில் விசைப்பலகையும் மவுஸும்கூடச் செத்துப்போயின. டிரைவரை ஏற்றலாம்தான், பொத்தானை அழுத்துவதற்கு மவுஸ் வேலை செய்ய வேண்டுமே!

மீண்டும் விஎம்டிக்கு வருகிறேன், ஏனெனில் உச்சகட்ட அநியாயம் அங்கேதான் இருக்கிறது. தேவைப்படும் டிரைவரை இன்டெல் தளத்தில் தேடிக் கண்டுபிடித்தால், அது விண்டோஸில் மட்டுமே இயங்கும் ஒரு நிறுவல் நிரலாகக் கிடைக்கிறது. விண்டோஸை நிறுவ டிரைவர் வேண்டும். அந்த டிரைவரை வெளியே எடுக்க விண்டோஸ் ஓடும் கணினி வேண்டும். அப்படி இன்னொரு கணினி கிடைத்தாலும் அந்த நிரலை இருமுறை சொடுக்கிப் பயனில்லை. கட்டளைச் சாளரத்தைத் திறந்து, டிரைவர்களை மட்டும் பிரித்தெடுக்கும் ஒரு கட்டளையைப் பின்னொட்டாகச் சேர்த்து ஓட்டினால்தான் உள்ளே இருக்கும் கோப்புகள் தனிக் கோப்புறையாக வெளிவரும். வீட்டில் இருப்பதே ஒரு கணினி, அதுவும் இன்னும் இயங்குதளம் ஏறாத கணினி என்றால், அந்த மனிதர் என்ன செய்வார்? செல்பேசியில் பதிவிறக்கி, ஓடிஜி இணைப்பான் வழியாகப் பென்டிரைவில் போட்டுவிட்டேன் என்று பெருமூச்சு விடுபவருக்கு, அந்தக் கோப்பை அப்படியே நிறுவல் திரையிடம் காட்டினால் எந்தப் பயனும் இல்லை என்பது பிறகுதான் தெரியும். பிரித்த டிரைவரை ஒரு சிறு ஜிப் கோப்பாக அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைப்பதில் எந்த ராணுவ ரகசியம் கசிந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

கோப்புறையைச் சரியாகக் காட்டிய பிறகும் சோதனை முடிவதில்லை. கையொப்பமிட்ட டிரைவர் எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு பதில் வரலாம். செயலியின் தலைமுறைக்குப் பொருந்தாத பதிப்பை எடுத்திருந்தால், பொருந்தாத டிரைவர்களை மறைக்கும் பெட்டி முன்கூட்டியே தேர்வாகியிருப்பதால், பட்டியல் மறுபடியும் காலியாக நிற்கும். எல்லாம் சரியாக இருந்து, பட்டியலில் பெயர்கள் தோன்றினாலோ, விஎம்டி கட்டுப்படுத்தி 9ஏ0பி என்று ஒன்றும், விஎம்டியால் நிர்வகிக்கப்படும் கட்டுப்படுத்தி 09ஏபி என்று இன்னொன்றுமாக, இரட்டைப் பிள்ளைகளைப்போல அடுத்தடுத்து நிற்கின்றன. முதலாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரின் பக்கத்தில் டிஜிஎல் என்ற மூன்றெழுத்து இருக்கும்; அது டைகர் லேக் என்பதன் சுருக்கம், டைகர் லேக் என்றால் பதினோராம் தலைமுறை. லேப்டாப்பின் மேல் ஒட்டியுள்ள வில்லையில் இந்தப் புலியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பொறியாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட செல்லப்பெயரைப் பணம் கொடுத்து வாங்கியவர் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டுமாம்.

இத்தனை தலைவலி எதற்கு, பயாஸில் விஎம்டியை அணைத்துவிட்டால் எஸ்எஸ்டி தானாகத் தெரியுமே என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான், புதிதாக நிறுவும் கணினிக்கு அதுவே சுலபமான வழி; நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். அந்த விருப்பம் கண்ணுக்குத் தெரிந்தால்தானே அணைப்பது! சில மாடல்களில் அது பயாஸ் பட்டியலிலேயே இருக்காது. யாரும் கற்பனை செய்ய முடியாத விசைச் சேர்க்கை ஒன்றை அழுத்தினால்தான் எட்டிப் பார்க்கும். கையேட்டில் அது எழுதப்பட்டிருக்கும் என்று எதிர்பார்ப்பவரின் வெள்ளை மனதை வணங்குகிறேன். இனி, ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில், இரண்டாவது இயங்குதளமாக லினக்ஸ் நிறுவுவதற்காக இதை அணைத்தால், பழைய விண்டோஸ் தன் வட்டை அடைய முடியாமல் நீலத்திரையில் விழும். வட்டு விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டும் நிற்கலாம். தன் கணினியில் பிட்லாக்கர் என்று ஒன்று இருப்பதையே அந்த நிமிடம்தான் அறிந்துகொள்கிறவர்கள் ஏராளம்.

லினக்ஸ் பக்கமும் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. 2016-இல் லெனோவோவின் யோகா 900 வகை லேப்டாப் ஒன்றில், சேமிப்பக முறை ரெய்டில் நிலைநிறுத்தப்பட்டு, அதை மாற்றும் வழியே பயாஸில் இல்லாமல், லினக்ஸ் நிறுவ முயன்றவர்கள் வட்டைக் காணாமல் கொதித்தெழுந்தார்கள். அதன் பிறகுதான் அந்த நிறுவனம் லினக்ஸ் பயனர்களுக்கென்று மாற்று பயாஸ் ஒன்றை வெளியிட்டது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் நிறுவல் திரை இதுபோன்ற நிலையைக் கண்டால், இந்தக் கணினி இன்டெல் ஆர்எஸ்டியை (ரெய்டு, விஎம்டி இரண்டையும் நிர்வகிக்கும் இன்டெல்லின் ஏற்பாடு) பயன்படுத்துகிறது, அதை அணைத்த பிறகுதான் நிறுவ முடியும் என்று பெயர் சொல்லிச் சொல்கிறது. இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளத்துக்கு இருக்கிற இந்த நேர்மை, காசு வாங்கும் இயங்குதளத்துக்கு ஏன் இல்லை?

அதற்குத் தெரியாமல் இல்லை என்பதுதான் என் குமுறலின் மையம். ஒவ்வொரு வன்பொருளும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு தயாரிப்பாளர் எண்ணையும் ஒரு சாதன எண்ணையும் சுமந்துகொண்டிருக்கிறது. இன்டெல்லின் தயாரிப்பாளர் எண் 8086. 8086, 9ஏ0பி என்ற இரண்டையும் நிறுவல் நிரல் முன்கூட்டியே படித்துவிடுகிறது. படித்தால்தானே, நாம் காட்டும் கோப்புறையில் எந்த டிரைவர் பொருந்தும், எது பொருந்தாது என்று சலித்தெடுக்க முடியும்! அந்த எண்களைத் திரையில் காட்டி, உங்கள் வட்டு இன்டெல் விஎம்டி கட்டுப்படுத்திக்குப் பின்னால் இருக்கிறது, இந்தப் பெயர் கொண்ட டிரைவரைக் கொண்டுவாருங்கள், அல்லது பயாஸில் விஎம்டியை அணையுங்கள் என்று எழுத எத்தனை வரி தேவைப்படும்? அதைச் செய்யாமல், கையில் விடையை வைத்துக்கொண்டே கையை விரிக்கிறது.

இதனால் யாருக்கு நட்டம் என்றால், விவரம் தெரிந்தவர்களுக்கு அல்ல. அவர்கள் எப்படியாவது தப்பித்துக்கொள்வார்கள். நம் ஊரில் விலை குறைகிறதே என்று விண்டோஸ் இல்லாமல், வெறும் டாஸ் என்ற பழைய இயங்குதளம் போட்ட லேப்டாப்பை வாங்கி, இயங்குதளத்தைத் தாமே நிறுவிக்கொள்ள நினைப்பவர்கள்தான் இதில் அகப்படுகிறார்கள். வட்டு எதுவும் கிடைக்கவில்லை என்று கணினியே சொல்லிவிட்ட பிறகு, சர்வீஸ் கடையில் ஒருவர் உதட்டைப் பிதுக்கி, எஸ்எஸ்டி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி நம்பிப் புது எஸ்எஸ்டிக்குப் பணம் கட்டினார். புதியதும் அதே விஎம்டிக்குப் பின்னால்தான் போய் உட்கார்ந்தது. பட்டியல் காலியாகவே இருந்தது. அடுத்து மதர்போர்டின் மேல் சந்தேகம் திரும்பியது. ஒரு பைசா செலவில்லாமல் பயாஸில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

இவ்வளவையும் கடந்து, வட்டு பட்டியலில் தோன்றி, விண்டோஸ் ஏறி முடிந்தது என்று வையுங்கள். அடுத்த திரையில், தொடர வேண்டுமென்றால் இணையத்தோடு இணையுங்கள் என்று விண்டோஸ் 11 பிடிவாதம் பிடிக்கிறது. பல லேப்டாப்புகளில் வைஃபைக்கான டிரைவரும் படிமத்தில் இல்லை. மெல்லிய லேப்டாப் என்பதால் லேன் கேபிள் செருகத் துளையும் இல்லை. இணையம் இல்லாமலே தாண்டிச் செல்லப் பலரும் நம்பியிருந்த ஒரு கட்டளையையும் 2025-இல் சோதனைப் பதிப்புகளிலிருந்து மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. டிரைவரையும் தர மாட்டார்கள், டிரைவர் இல்லாமல் போகவும் விட மாட்டார்கள்.