வெள்ளி இரவு மைதானத்துக்கு வாருங்கள்

ஆகஸ்ட் பாதி தாண்டிவிட்டால் ஒஹாயோவில் எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களில் கடைக் கண்ணாடிகளில் பள்ளியின் நிறம் ஏறிவிடும். முடிதிருத்தும் கடை, பீட்சா கடை, பல் மருத்துவர் கிளினிக், எல்லாவற்றிலும். ஹைஸ்கூல் ஃபுட்பால் சீசன் வந்துவிட்டது என்று அர்த்தம். காலால் உதைக்கும் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி மோதி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் முடியும்வரை பத்து வாரம், பெரும்பாலும் வெள்ளி இரவு ஏழு மணிக்கு ஆட்டம். நன்றாக ஆடும் அணிகளுக்கு நவம்பரில் பிளேஆஃப், அதாவது மாநிலப் பட்டத்துக்கான சுற்று.

இந்தப் பத்து வாரத்தையும் நம் தமிழ்க் குடும்பங்களில் பல ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எனக்கு அதில் நிஜமான வருத்தம் உண்டு. "அந்த முரட்டு விளையாட்டு நமக்கு எதுக்கு", "வெள்ளிக்கிழமை கணக்கு கிளாஸ் இருக்கே" என்பதுதான் வழக்கமான பதில். பிள்ளையை ஆட அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தோடு போய் அந்த மைதானத்துப் படிக்கட்டு இருக்கைகளில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள் என்கிறேன்.

இந்த ஊர்களுக்கு வெள்ளி இரவு என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் மாஸிலனைப் பாருங்கள். வடகிழக்கு ஒஹாயோவில் சுமார் 32,000 பேர் வாழும் பழைய எஃகு ஆலை ஊர். அதன் பள்ளி மைதானத்தில் 16,000 பேருக்கு மேல் உட்காரலாம், அதாவது பாதி ஊர். 1930-களின் பெருமந்தக் காலத்தில் அரசு வேலைவாய்ப்புத் திட்டத்தில் கட்டியது. ஊரில் ஆண் குழந்தை பிறந்தால் அணியின் ஆதரவாளர் சங்கம் மருத்துவமனைக்கே ஒரு குட்டி ஃபுட்பால் கொடுத்தனுப்புவது பழைய வழக்கம். 1932 முதல் 1940 வரை அங்கே பயிற்சியாளராக இருந்த பால் பிரௌனின் பெயரில்தான் கிளீவ்லாண்ட் பிரௌன்ஸ் என்ற தொழில்முறை அணியே இருக்கிறது. பக்கத்து ஊரான கான்டனின் மெக்கின்லி பள்ளியோடு 1894-லிருந்து தீராத போட்டி. இவ்வளவு பெருமை இருந்தும், ஒஹாயோவில் பிளேஆஃப் முறை வந்த 1972-க்குப் பிறகு மாநிலப் பட்டம் மட்டும் மாஸிலனுக்குக் கிட்டவே இல்லை. 2023-ல்தான் கிடைத்தது. இறுதி ஆட்டம் நடந்தது அதே கான்டனில். ஸ்கோர் 7-2. ஐம்பது வருடமாகக் காத்திருந்து கிழவர்களாகிவிட்ட மனிதர்களுக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும்!

அந்த வெள்ளி இரவுக்குச் சட்டமே காவல் நிற்கிறது. தொலைக்காட்சி உரிமைகளை மொத்தமாக விற்க, தொழில்முறை ஃபுட்பால் அமைப்பான என்.எஃப்.எல்லுக்கு 1961-ல் ஒரு சட்டச் சலுகை கிடைத்தது. செப்டம்பர் இரண்டாம் வெள்ளியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதிவரை, வெள்ளி மாலை 6 மணிக்கு மேல், பள்ளி ஆட்டம் நடக்கும் இடத்துக்கு 75 மைலுக்குள் தன் ஆட்டத்தை ஒளிபரப்பினால் அந்தச் சலுகை செல்லாது. முதலில் கல்லூரி ஆட்டங்களுக்கு இருந்த இந்தப் பாதுகாப்பை 1966-ல் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். நாட்டிலேயே பணம் கொழிக்கும் விளையாட்டு அமைப்பு ஞாயிறை எடுத்துக்கொண்டு வெள்ளியைப் பள்ளிகளுக்கு விட்டது இப்படித்தான்.

ஆனால் பள்ளி உணர்வு என்று நான் சொல்வது ஆடுகிற பையன்களோடு முடிவதில்லை. என் மகள் மார்ச்சிங் பேண்டில், அதாவது ஆட்ட இடைவேளையில் மைதானத்தில் அணிவகுத்து நடந்தபடியே வாசிக்கும் பள்ளி வாத்தியக் குழுவில், கிளாரினெட் வாசிக்கிறாள். பள்ளி திறக்கும் முன்பே, கொளுத்தும் வெயிலில் பேண்ட் கேம்ப். ஒவ்வொரு பிள்ளைக்கும் மைதானத்தில் ஒரு புள்ளி உண்டு. நாற்பது கெஜக் கோட்டிலிருந்து இத்தனை தப்படி, ஓரக்கோட்டிலிருந்து இத்தனை தப்படி என்று கழுத்தில் தொங்கும் குட்டி நோட்டில் எழுதியிருக்கும். ஐந்து கெஜத்தைச் சரியாக எட்டுத் தப்படியில் கடக்க வேண்டும். வாசிக்கவும் வேண்டும், நடக்கவும் வேண்டும், வரிசை கலையாமல் பக்கத்தில் வருபவரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தவறினால் வளைவே கோணிவிடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டு, தொப்பியின் இறகைச் சரிசெய்து அனுப்புவது பன்னிரண்டாம் வகுப்பு மாணவிதான், ஆசிரியர் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிற இந்தப் பழக்கத்தை எந்த டியூஷனில் போய் வாங்குவது?

இரண்டாம் பாதி தொடங்கும்போது பேண்ட் பிள்ளைகளுக்கு ஒரு குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் கால் பங்கு, ஓய்வு. அத்தனை பேரும் தின்பண்டக் கவுண்டருக்கு ஓடி வருவார்கள். உள்ளே நிற்பது நாங்கள், பெற்றோர்கள். சிப்ஸ் பாக்கெட்டைப் பக்கவாட்டில் கிழித்து, அதிலேயே ஒரு கரண்டி சில்லி (கொத்துக்கறிக் குழம்பு) ஊற்றி, சீஸ் தூவி, ஒரு ஃபோர்க்கைக் குத்திக் கொடுத்தால் அதுதான் வாக்கிங் டாக்கோ. வெள்ளிக்கிழமை கறியைத் தொடமாட்டேன் என்பவர்கள் ஹாட் சாக்லேட் பக்கம் நிற்கலாம், அக்டோபரில் அங்கேதான் வரிசை நீளம். வாத்தியம் பழுதுபார்க்கவும் வெளியூர்ப் பயணத்துக்கும் பணம் இந்தக் கவுண்டரிலிருந்துதான் வருகிறது. என்னோடு நிற்கிற ஒரு பெரியம்மாவின் பிள்ளைகள் பட்டம் வாங்கி ஊரைவிட்டே போய் வெகு காலமாகிவிட்டது. அவர் இன்னும் வருகிறார். ஊர்த்தேருக்கு வடம் பிடிக்க வீட்டில் இளவட்டம் இருந்தால்தான் வருவோம் என்று யாராவது சொல்வார்களா?

அந்தப் பெரியம்மாவின் வாக்குக்கு இங்கே பெரிய மதிப்பு உண்டு. ஒஹாயோவில் பள்ளிகள் பெருமளவு உள்ளூர்ச் சொத்து வரியில்தான் ஓடுகின்றன. அந்தச் சார்பு மிதமிஞ்சியது, மாநில அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 1997-ல் மாநில உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனாலும் கூடுதல் பணம் வேண்டும் என்றால் பள்ளி இன்றும் 'லெவி' என்கிற கூடுதல் வரிக்கு ஊர் மக்களிடம்தான் வாக்குக் கேட்டு நிற்க வேண்டும். லெவி தோற்றால் முதலில் பஸ் போகும், கலை வகுப்புகள் போகும், விளையாட்டுக்குக் கட்டணம் ஏறும். வாக்களிப்பவர்களில் பெரும் பகுதிக்குப் பள்ளியில் பிள்ளையே கிடையாது. வருடா வருடம் அந்த மைதானத்தில் உட்கார்ந்து 'நம்ம பள்ளி' என்று கத்திப் பழகியதால்தான் அவர்களில் பலர் ஆம் என்று குத்துகிறார்கள் என்பது என் திடமான நம்பிக்கை. நாமோ பள்ளியின் ரேட்டிங்கைப் பார்த்து வீடு வாங்குகிறோம். அந்த ரேட்டிங்கை இத்தனை காலம் தாங்கிப் பிடித்த மனிதர்கள் யார் என்று போய்ப் பார்ப்பதில்லை.

தலையில் அடிபடுகிற பயம் நியாயமானது, அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2009-ல் வாஷிங்டன் மாநிலம் தொடங்கி 2014-க்குள் எல்லா மாநிலங்களிலும் இதற்குச் சட்டம் வந்துவிட்டது. ஒஹாயோவில் தலையில் அடிபட்ட அறிகுறி தெரிந்தால் அந்தப் பையனை உடனே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் எழுத்தில் அனுமதி தராமல் திரும்ப இறக்கக் கூடாது. சட்டம் இருந்தும் ஆபத்து முழுக்கப் போய்விடவில்லை. என் பிள்ளையை ஆடவிடுவேனா என்றால் மாட்டேன். ஆடுகிற பிள்ளைகளுக்காகப் போய் உட்காருவேன். அப்புறம், பந்து எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் டச்டவுனுக்கு எழுகிற அதே கூட்டம் பேண்டுக்கும் எழுந்து கைதட்ட வேண்டும். பேண்ட் வாசிக்கும் இடைவேளையில் நாச்சோஸ் வாங்கப் போய்விடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

சரி, செப்டம்பர், அக்டோபர் என்றால் கொலுவும் வருமே என்பீர்கள். வரும். பழைய மாணவர்களை வரவேற்கும் பள்ளி விழாவான ஹோம்கமிங் வாரமும் நவராத்திரியும் ஒன்றாக வந்தால் பெரியவர்கள் நாம்தான் வளைந்துகொடுக்க வேண்டும். சுண்டலை வியாழனோ சனியோ கொடுக்கலாம். ஹோம்கமிங் ஊர்வலத்தில் தன் தோழி போகும்போது நம் வீட்டுப் பெண் பட்டுப்பாவாடையோடு அடுத்தவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தால், திங்கட்கிழமை லஞ்ச் மேசையில் அவளுக்குப் பேச ஒன்றுமே இருக்காது.

ஆட்டம் புரியவில்லை என்று தயங்க வேண்டாம். நான்கு முயற்சியில் பத்து கெஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு. இது போதும், மீதியைப் பக்கத்தில் இருக்கிற தாத்தா கேட்காமலேயே சொல்லித் தருவார். கனமான போர்வை ஒன்று எடுத்துவாருங்கள், அலுமினிய பெஞ்ச் நேரம் ஏற ஏற ஜில்லென்று இருக்கும். பேண்ட் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே இடம் பிடியுங்கள். கவுண்டரில் உதவ ஆள் எப்போதும் குறைவு. பெயர் கொடுக்க விருப்பம் உள்ளவர்கள் இங்கேயே சொல்லுங்கள், அடுத்த வெள்ளி என்னோடு நிற்கலாம்.