பனியன் போடாமல் திரியச் சொன்ன மாப்ளைக்கு

எழுத வேண்டாம் என்றுதான் ரெண்டு நாளாக இருந்தேன். "எதுக்கு வம்பு, அந்த வீடியோவை எடுத்துடுங்க" என்று வீட்டிலும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.

திருப்பூர் வழியாக ஓடுகிற நொய்யல் ஆற்றில் நுரை போனதை நான் வீடியோவாகப் போட்டேன், அதற்குக் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி ஒப்பிக்கப் போவதில்லை. நான் எழுதியது ஒரே வரி. மழை பெய்ததும் யாரோ சாயக்கழிவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று. யார் பெயரும் சொல்லவில்லை, எந்தக் கம்பெனியும் சொல்லவில்லை. அதற்கு என்னோடு எட்டாவது வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் வந்து எழுதுகிறான்: "சுற்றுச்சூழல் பேசறவங்க எல்லாம் மொதல்ல பனியன் போடாமத் திரிங்க, அப்புறம் பேசலாம்." முந்நூறு சொச்சம் லைக். அதில் எனக்குத் தெரிந்தவர்களே முப்பது பேர் இருப்பார்கள். அடுத்த கமெண்ட், "நீ திங்கற சோறே பனியன் கம்பெனிச் சோறு." மூன்றாவதாக நீயே ஒன்று போட்டு அரை மணி நேரத்தில் அழித்துவிட்டாய். நான் படித்துவிட்டேன் மாப்ள. அதுக்குப் பின்னால வரேன்.

ஆமாம், பனியன் கம்பெனிச் சோறுதான். 19 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். நூல் என்ன விலை, நிட்டிங் கூலி எவ்வளவு, டையிங் கிலோவுக்கு எவ்வளவு, கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பாலிபேக், அட்டைப்பெட்டி வரைக்கும் பைசா சுத்தமாக எழுதினால்தான் வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பையர் கேட்கிற விலைக்குக் கட்டுமா கட்டாதா என்று முதலாளி முடிவு பண்ணுவார். அதனால்தான் இந்த "தொழிலா, சூழலா" பட்டிமன்றத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. நான் கேட்பது கணக்கு. ஒரு செலவு நடந்திருக்கிறது. அதை எந்தக் கம்பெனியின் காஸ்டிங் ஷீட்டிலும் யாரும் எழுதவில்லை. அப்படியானால் அதைக் கட்டினது யார்? இவ்வளவுதான் கேள்வி. இதைக் கேட்டால் பனியனைக் கழற்றச் சொல்கிறார்கள்.

சாயப்பட்டறைப் பக்கமே போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்கே லிட்டருக்கு 30, 40 கிராம் போடுவார்கள், கறுப்பு, நேவி மாதிரி அடர் நிறமென்றால் 80 கிராம் வரைக்கும் போகும். கடல் தண்ணீரிலேயே லிட்டருக்கு 35 கிராம்தான் இருக்கிறது. சாயத்தில் பெரும்பங்கு துணியோடு போய்விடும், உப்பு போகாது, அத்தனையும் தண்ணீரிலேயே நிற்கும். சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைத்தால் நிறம் போய்ப் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்குமே தவிர உப்பு அப்படியேதான் இருக்கும். ஆற்றில் விடுகிற தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று விதி. 2 கிராம். 80 எங்கே, 2 எங்கே?

அந்த உப்பு எங்கே போயிற்று என்று கேட்டால் ஒரத்துப்பாளையம் போய்ப் பாருங்கள். சென்னிமலைப் பக்கம், நொய்யல் குறுக்கே 1992-ல் கட்டி முடித்த அணை. ஈரோட்டுப் பக்கம் கொஞ்சம், கரூர் பக்கம் நிறைய, பாசனத்துக்கென்று கட்டினது. சில வருஷத்திலேயே அது திருப்பூர் சாயத்தண்ணீரைத் தேக்கி வைக்கிற தொட்டி ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் எல்லா அணையிலும் விவசாயி "தண்ணி திறந்து விடுங்க" என்று போராடுவான். "திறந்து விட்டுடாதீங்க சாமி" என்று விவசாயி கும்பிட்ட அணையும் இங்கே ஒன்று இருக்கிறது. அந்த அணைக்குக் கீழேதான் எங்கள் தோட்டம்.

மஞ்சளும் தென்னையும் இருந்த பூமி. முதலில் மஞ்சள் போச்சு. அப்புறம் தென்னையில் குரும்பை கொட்ட ஆரம்பித்தது. கிணற்றுத் தண்ணீரை எருமை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும், இதை நான் கண்ணால் பார்த்தேன். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர அப்பா விடிகாலையிலேயே சைக்கிளில் ரெண்டு குடம் கட்டிக்கொண்டு போனார். வரும் வழியில் ஒரு குடம் கொட்டிவிட்டது. மீதிக் குடம் குடிக்க ஆயிற்று, காபிக்கு அம்மா கிணற்றுத் தண்ணீரைக் கலந்துவிட்டாள். மாப்பிள்ளையோட அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "காபி கரிக்குதுங்களே" என்றார். கோபமாகக்கூட இல்லை, சும்மாதான் சொன்னார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அக்கா அன்றைக்கு அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. இந்தச் செலவை எந்த ஷீட்டில் எழுதுவது? டையிங் கட்டத்திலா, இதர செலவிலா?

உடனே ஒருத்தர் வருவார், "அதெல்லாம் பழைய கதை, இப்போ எல்லாம் ஜீரோ டிஸ்சார்ஜ், ஒரு சொட்டுக் கழிவுத் தண்ணி வெளிய போறதில்ல" என்று. ஆமாம், ஆயிருக்கிறது. எப்படி ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்களேன். முதலாளிகள் ஒரு நாள் காலையில் எழுந்து ஆற்றைப் பார்த்து மனம் உருகினார்களா? ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டு கோர்ட்டாக ஏறினார்கள். 2009-ல் சுப்ரீம் கோர்ட், கெடுத்தவன்தான் செலவை ஏற்கணும் என்று சொன்னது. அப்புறமும் நடக்காமல், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மொத்தமாக மூடச் சொன்னது. 700க்கும் மேல் சாய, சலவைப் பட்டறைகள். அன்றைக்கு டீக்கடைக்கு டீக்கடை என்ன பேசினார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? திருப்பூர் முடிஞ்சுது, எல்லாம் பங்களாதேசுக்குப் போயிடும், தையல் பவர் டேபிளை எல்லாம் எடைக்குப் போட வேண்டியதுதான் என்றார்கள். அரசு 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது, சவ்வில் வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வைத்து உப்பைத் தனியாகப் பிரித்து, தண்ணீரையே திருப்பிப் பட்டறைக்கு அனுப்புகிற நிலையங்கள் ஓட ஆரம்பித்தன. திருப்பூர் முடிந்ததா? 2024-25-ல் ஏற்றுமதி கிட்டத்தட்ட 40,000 கோடி. அதே மேடையில் அதே ஆட்கள் இப்போது "உலகத்துக்கே முன்னுதாரணம்" என்று பொன்னாடை போர்த்திக்கொள்கிறார்கள். போர்த்திக்கொள்ளட்டும். ஆனால் எதிர்த்தவன் வளர்ச்சிக்கு எதிரி என்றால், அந்தப் பெருமைக்கு வித்து போட்டவனும் அதே எதிரிதான். செய்ய முடிகிற செலவைத்தான் இருபது வருஷம் செய்யாமல் இருந்தார்கள். அதுவரைக்கும் எங்கள் கிணறு கட்டியது.

"வேலைவாய்ப்பு பற்றிப் பேசாமல் போகிறீர்களே" என்று ஒரு தம்பி மரியாதையாகக் கேட்டிருந்தார். சரியான கேள்விதான் தம்பி. ஒன்றரை ஷிப்டு பார்த்துக் குடும்பத்தைக் கரையேற்றிய லட்சக்கணக்கான பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள், நானே ஒருத்தன். ஆனால் தொழிலாளி பேரைச் சொல்லிக் கழிவை நியாயப்படுத்தாதீர்கள். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துப் பேர் செத்தார்களே, அவர்கள் யார்? வேலைக்கு வந்து அங்கேயே படுத்துத் தூங்கின தொழிலாளிகள். ராணிப்பேட்டையும் சேர்ந்த வேலூர்ப் பக்கத்தில் பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் மேல் போட்ட வழக்கில்தான் 1996-லேயே சுப்ரீம் கோர்ட் இந்தக் "கெடுத்தவனே கட்டணும்" கணக்கைச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே வேலூர் விவகாரத்துக்கு மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. 29 வருஷம். தொழில் ஆரம்பிக்க ஒற்றைச் சாளரம் வேண்டும், ஆறு கெட்டதற்கு நியாயம் கேட்டால் மட்டும் தலைமுறை மாறணும்.

சிறு பட்டறைக்காரர்கள்தான் 2011-ல் அழிந்தார்கள், பெரியவர்கள் சொந்தமாக நிலையம் கட்டிப் பிழைத்துக்கொண்டார்கள் என்கிறீர்கள். உண்மை. மறுக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? எங்களைக் கேட்டா மூடினார்கள்? சரி, விடுங்கள்.

இன்னொரு கூட்டமும் என் மேல் பாய்ந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். "பனியன் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு நொய்யலுக்கு அழுவது நாடகம்" என்று கோயம்புத்தூரிலிருந்து ஒரு இயற்கை ஆர்வலர். அய்யா, நீங்கள் போட்டிருக்கிற ஆர்கானிக் காட்டன் டீசர்ட்டுக்கும் உப்பு போட்டுத்தான் சாயம் ஏற்றியிருப்பார்கள். பையர் நூறு சான்றிதழ் கேட்பான், கடைசியில் பீசுக்குப் பத்து சென்ட் குறைக்கச் சொல்வான். அந்தப் பத்து சென்ட் எங்கே போய் விழும் என்று கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரியும். நுரையாக விழும். இந்த ஆற்றங்கரையில் கொடுமணலில் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இரும்பு உருக்கினார்கள், கல்மணி செய்து விற்றார்கள். தொழில் இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. நான் தொழில் வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? ஒருத்தராவது அந்த வரியை எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

இப்போது அந்த அழித்த கமெண்ட். "உங்கப்பனுக்கு எங்கப்பா போட்ட வாட்ச்மேன் வேலை மறந்துபோச்சா?"

மறக்கவில்லை மாப்ள. பண்ணயம் படுத்த பிறகு, அம்பது வயசுக்கு மேல், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அப்பா உங்கள் பட்டறைக் கேட்டில்தான் உட்கார்ந்தார். உங்கப்பா நல்ல மனுசன், தீபாவளிக்கு எனக்கும் சேர்த்துத் துணி எடுத்துக் கொடுப்பார். 2011-ல் பட்டறையை மூடினபோது அவர் இடிந்துபோனதும் தெரியும், உன் தங்கச்சி கல்யாணம் ரெண்டு வருஷம் தள்ளிப்போனதும் தெரியும். அதற்காக நான் சந்தோஷப்பட்டேன் என்று நீ நினைக்கிறாய் பார், அதுதான் தாங்கவில்லை. அன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேனே, ஞாபகம் இல்லையா? வேலை கொடுத்தது உங்கப்பா, சரி. எங்கப்பாவுக்கு வேலை தேவைப்பட்டது எதனால்?

ராத்திரி உப்பு லாரி வரும். மூட்டையை எண்ணி இறக்கி நோட்டில் எழுதுவது அப்பா வேலை. எழுத்து அவருக்குச் சரியாக வராது, அதனால் அஞ்சு அஞ்சாகக் கோடு போட்டு, கீழே கூட்டி, தேதி போடுவார். விடிந்ததும் பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வந்து கிணற்றில் எட்டிப் பார்ப்பார், மோட்டாரே ஓடாத கிணற்றில். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. நான்தான் கணக்குப் படித்த பிறகு ஒரு நாள் அந்த நோட்டை எடுத்து உட்கார்ந்து கூட்டினேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

நோட்டு இன்னும் வீட்டில், அப்பா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. நீ கமெண்டில் எழுதாதே, வந்து பாரு. ஞாயிற்றுக்கிழமை ஷிப்மெண்ட் இல்லை, வீட்டில்தான் இருப்பேன். காபிக்கு இப்போது கேன் தண்ணீர்தான், பயப்படாமல் வா.