ஒரே ஏரி, ஒரே பெயர், மூன்று மீன்கள்

"ட்ரௌட் மீன் ஐரோப்பா முழுக்கக் கிடக்கிறது. ஓர் ஏரியில் இருப்பது அழிந்தால் என்ன?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல மனிதர், மீன் வளர்ப்பு தெரிந்தவர். அதனால்தான் அந்தக் கேள்வி என்னை இத்தனை நாள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அயர்லாந்துத் தீவில் லாக் மெல்வின் என்றோர் ஏரி. அங்குள்ள பழுப்பு ட்ரௌட் பலருடைய பட்டியலில் இன்றும் ஒரே இனம்தான்: சால்மோ ட்ரூட்டா. ஆனால் பிடித்துப் பார்த்தால் மூன்று வகை. கில்லரூ பொன்னிறம், உடலெங்கும் பெரிய செம்புள்ளிகள். ஐரிஷ் மொழியில் அந்தப் பெயருக்கே 'சிவப்பன்' என்றுதான் பொருள். அதன் வயிற்றை அறுத்தால் இரைப்பைச் சுவர் தடித்து இறுகியிருக்கும். நத்தையை ஓட்டோடு விழுங்கும் மீனாயிற்றே! சோனகென் கறுத்த துடுப்புகளோடு நடுநீரில் மிதக்கும் மிகச் சிறு விலங்குகளைத் தின்று வாழ்கிறது. ஃபெராக்ஸ் ஆழத்தில் மற்ற மீன்களை வேட்டையாடிப் பெரிதாகிறது.

இரைக்கேற்ப உடல் மாறியிருக்கலாம், வம்சம் ஒன்றுதான் என்று வாதிடலாம். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஃபெர்குசனும் உடனிருந்தவர்களும் செய்த மரபணு ஆய்வுகள் அந்த வாதத்துக்கு இடம் வைக்கவில்லை. முட்டையிடும் இடமே வேறு. கில்லரூ பெரும்பாலும் ஏரியிலிருந்து வெளியேறும் ட்ரௌஸ் ஆற்றில், சோனகென் ஏரிக்குள் வந்து சேரும் ஓடைகளில், ஃபெராக்ஸ் கிளெனானிஃப் ஆற்றின் கீழ்ப்பகுதியில். ஒரே தண்ணீரில் வளர்ந்தும் கலக்காத குடும்பங்கள் இவை.

இவற்றைத் தனி இனங்கள் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பெயரிட்டார்கள், பிறகு ஒன்றாகச் சேர்த்தார்கள், 2007இல் மீன் வகைப்பாட்டு அறிஞர்கள் கோட்டெலாட்டும் ஃப்ரைஹாஃபும் மீண்டும் பிரித்தார்கள். இந்த வழக்கு தீரும்வரை மீன் காத்திருக்காது. 1991இல் அமெரிக்காவில் ராபின் வேப்பிள்ஸ் பசிபிக் சால்மனுக்காக வகுத்த அளவுகோலே எனக்குச் சரியாகப் படுகிறது: ஒரு கூட்டம் மற்றவற்றோடு பெரும்பாலும் கலக்காமல் இனப்பெருக்கம் செய்கிறதா, அந்த இனத்தின் பரிணாம மரபில் அதற்கு முக்கியப் பங்கு இருக்கிறதா? இரண்டும் ஆம் என்றால் அது தனிப் பாதுகாப்பு அலகு, அதாவது தனியாகக் காக்க வேண்டிய கூட்டம். மூன்று ஆண்டுகள் கழித்து உயிரியலாளர் கிரெய்க் மோரிட்ஸ் முன்வைத்தது இன்னும் கறாரானது; தாய்வழியில் வரும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் முழுமையான பிரிவைக் கேட்டது. அந்த வடிகட்டியில் நத்தை தின்னும் இரைப்பைக்கு மதிப்பெண்ணே கிடையாது.

ஓடைக்கு ஓர் அலகு என்று போனால் பணத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கவலை. ஆனால் பெயர் ஒன்றுதானே என்று எங்கிருந்தோ குஞ்சுகளைக் கொண்டுவந்து கொட்டுவதற்கு அது சாக்காகிவிடக் கூடாது.

நம் காவிரியிலும் இது நடந்தது. மகாராஷ்டிரத்தின் லோணாவ்லா பொரிப்பகத்தில் வளர்ந்த நீலத் துடுப்பு மஹசீரை, மஹசீரைக் காக்கிறோம் என்ற நம்பிக்கையில்தான் ஆற்றில் விட்டார்கள். அந்த ஆற்றுக்கே உரிய திமில் மஹசீர் குறைந்துகொண்டே வந்தது. அதன் சரியான அறிவியல் பெயர் டார் ரெமாதேவி என்று 2018இல்தான் தெளிவானது. அதே ஆண்டு அது மிக அருகிவரும் இனங்களின் பட்டியலிலும் ஏறியது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: மெல்வினில் 'ட்ரௌட் எத்தனை' என்று எண்ணாதீர்கள். ட்ரௌஸ் ஆற்றுக்கு இந்த ஆண்டு எத்தனை கில்லரூ வந்தன, கிளெனானிஃபின் சரளைப் படுகையில் ஃபெராக்ஸ் முட்டையிட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.