குளோக்டாவை ரசிக்க வைப்பது பரிதாபம் மட்டுமில்லை

ஜோ அபர்கிராம்பியின் 'தி ஃபர்ஸ்ட் லா' (The First Law) என்ற மூன்று பாக நாவலில் கைதிகளைச் சித்திரவதை செய்து விசாரிக்கும் அதிகாரி குளோக்டா. அவனே ஒருகாலத்தில் சிறையில் சித்திரவதைப்பட்டவன் என்பதால்தான் அவன் செய்யும் கொடுமையை மன்னிக்கிறோம் என்கிறது அவனைப் பற்றிய ஒரு கட்டுரை. பாதிதான் சரி. வெறும் பரிதாபம் நாலு அத்தியாயம்கூடத் தாங்காது.

2006இல் வந்த முதல் பாகத்தில் அபர்கிராம்பி அவனை அறிமுகப்படுத்தும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் நொண்டி நடக்கும் வலி, 'நான் ஏன் இதைச் செய்கிறேன்' என்ற கேள்வி, படிக்கட்டைக் கண்டுபிடித்தவன் மேல் எரிச்சல். சிரித்துவிடுகிறோம். அப்புறம்தான் விசாரணை அறை, அழுகிற கைதி ரூஸ். சிரித்த வாய் மூடுவதற்குள் நாமும் அந்த அறைக்குள் நிற்கிறோம்.

இன்னொரு வேலை, அவன் மனசுக்குள் நினைப்பதைக் காட்டும் சாய்வெழுத்தில் நடக்கிறது. மேலதிகாரி சல்ட்டிடம் வாய் பணிவாகப் பேசும், மனசு கிண்டலடிக்கும். அந்த மனசைக் கேட்பது நாம் மட்டும்தான். உடந்தை ஆகாமல் என்ன செய்வது? தான் நல்லவன் என்று அவன் ஒருபோதும் நம்மை நம்பவைக்கப் பார்ப்பதில்லை, அது பெரிய பலம். அதே கதையில் வரும் போர்வீரன் லோகன் இதற்கு நேர் எதிர்: நல்லவனாகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான், நாமும் நம்பிவிடுவோம். யார் அதிக ஆபத்து என்று மூன்றாம் பாகம் முடிந்ததும் சொல்லுங்கள்.

குளோக்டாவைப் பார்த்து இப்படி ஒரு பாத்திரத்தை எழுதுகிறவர்கள் முக்கியமாகச் சறுக்குவது ஓர் இடத்தில். குற்றத்துக்கு முன்பே சோகமான பால்யத்தை வைத்துவிடுகிறார்கள். வாசகனுக்கு அது வக்கீல் வாதம்போல் கேட்கும். பாதிக்கப்பட்டவனுக்குப் பெயரும் குரலும் தராமல் விடுவது அதைவிட மோசம். ரூஸ் வெறும் 'கைதி'யாக இருந்திருந்தால் அந்த அத்தியாயம் உறுத்தியே இருக்காது.