பி.எஸ்.டபிள்யூ. இல்லாமலும் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கலாம்

ஒருவர், "பி.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி இளங்கலை) முடித்தவர்களுக்கு மட்டும்தான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இடம், அதை முடித்தால் நேராக மனநல மருத்துவமனையில் வேலை" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை.

நம் ஊரில் பெரும்பாலான கல்லூரிகள் எந்த இளங்கலைப் பட்டம் இருந்தாலும் சேர்த்துக்கொள்கின்றன. பி.காம்., இயற்பியல், தமிழ் இலக்கியம் என்று எங்கிருந்தும் வரலாம். இக்னோவின் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலை எம்.எஸ்.டபிள்யூ.வுக்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். ஆனால் அங்கேயும் களப்பணி உண்டு, வீட்டிலிருந்தே முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது மருத்துவமனை வேலை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 'மனநல சமூகப் பணியாளர்' என்று யாரைச் சொல்கிறது தெரியுமா? சமூகப் பணியில் முதுகலை, அதற்கு மேல் மனநல சமூகப் பணியில் 2 ஆண்டு முழுநேர எம்.ஃபில்., இரண்டும் வேண்டும். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனத்தில் பலர் படிக்கப் போனது அந்த எம்.ஃபில்.தான். வெறும் எம்.எஸ்.டபிள்யூ.வோடு அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது.

அதற்காக எம்.எஸ்.டபிள்யூ. வீண் என்று சொல்லவில்லை. தொண்டு நிறுவனம், குழந்தைகள் பாதுகாப்பு, தொழிற்சாலை என்று வேறு வழிகள் இருக்கின்றன. 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலையில் நலன் அலுவலர் கட்டாயம் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். சேரும் முன் கல்லூரியில் என்ன சிறப்புப் பிரிவு இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.