முன்பணம் வாங்குவதற்கு முன்னால் பீமை அளந்திருக்க வேண்டாமா?

வீட்டில் கார் லிஃப்ட் பொருத்தித் தருகிறோம் என்று விளம்பரம் செய்து, நேரில் வந்து அளந்து பார்த்து, "சூப்பரா வரும் சார்" என்று உறுதி சொல்லி, மொத்த விலையில் பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு போகிற ஒரு நிறுவனத்துக்கு, அந்த லிஃப்ட் அந்த வீட்டுக்குள் அடங்குமா என்று பார்க்கும் கடமை உண்டா, இல்லையா? உண்டு என்றுதான் எந்த நியாயமான மனிதரும் சொல்வார். ஆனால் இரும்புத் தூண்கள் லாரியில் வந்து இறங்கிய பிறகு, விலைப்புள்ளியின் கடைசிப் பக்கத்திலுள்ள ஒரு வரியைக் காட்டி, "சிவில், எலக்ட்ரிக்கல் வேலையெல்லாம் கஸ்டமர் ஸ்கோப் சார்" என்று, அதாவது கட்டுமான வேலையும் மின்சார வேலையும் வாங்குபவர் பொறுப்பு என்று, சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இவர்கள் நடத்தும் அநியாயத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறது. கீழே தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் என்ற கார் நிறுத்தும் தளம், முதல் தளத்தில் நாங்கள், இரண்டாம் தளத்தில் தம்பி குடும்பம். ஸ்டில்ட்டில் கார் நிறுத்துவதற்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. இன்னொரு கார் தெருவில்தான் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள பல பகுதிகளைப் போல எங்கள் தெருவும் மூழ்கி, ஸ்டில்ட்டில் நின்ற என் ஹோண்டா சிட்டியின் இருக்கை வரை தண்ணீர் ஏறியது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசையாக நின்றதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அப்படிக் காரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலைமையில் வாழ்கிறவர்களுக்கு, ஒரு காரை ஆறடி உயரத்தில் நிறுத்தி, அதன் அடியில் இன்னொரு காரை விடலாம் என்று ஒருவர் வந்து சொன்னால் அது ஆடம்பரமாகத் தோன்றாது. எங்களுக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. அந்தத் தேவையைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

உயரத்தின் கதையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ரகசியம் எதுவுமில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். மேலே நிற்க வேண்டிய சிட்டியின் உயரம் 1,489 மி.மீ. கீழே நிற்க வேண்டிய தம்பியின் கிரெட்டா 1,635 மி.மீ. இரண்டுக்கும் நடுவே மேல் காரைத் தாங்கும் லிஃப்ட்டின் தட்டு, அதன் தடிமன் சுமார் 150 மி.மீ. ஏற்றி இறக்கும்போது எங்கும் உரசாமல் இருக்க இன்னும் ஒரு 100 மி.மீ. ஆக, ஏறக்குறைய 3,370 மி.மீ. வேண்டும். எங்கள் ஸ்டில்ட்டின் கூரை தரையிலிருந்து பதினொன்றரை அடி, அதாவது 3,500 மி.மீ. விற்பனையாளர் டேப்பை நடுக் கூரையில் வைத்து அளந்தார், குறித்துக்கொண்டார், "தாராளமா இருக்கு" என்றார். அவர் தலைக்கு இரண்டடி தள்ளி, குறுக்கே ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு பீம், அதாவது மேல்தளத்தைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம், ஓடுகிறது. அதன் அடிப்பகுதி பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது. அந்த பீமுக்கும் கீழே, மாடிக் குளியலறையிலிருந்து வரும் நான்கு அங்குல பிவிசி குழாய் கிளாம்ப் போட்டுத் தொங்குகிறது. மேலே போகும் காரின் கூரை சரியாக அந்த இடத்தில்தான் வந்து நிற்கும். குழாயை விட்டுவிடுவோம், பீமை மட்டும் கணக்கில் எடுத்தாலே, 3,050-இல் சிட்டியையும் தட்டையும் இடைவெளியையும் கழித்தால் கீழே மிஞ்சுவது 1,311 மி.மீ. நம் ஊரில் ஓடும் எந்தக் குடும்பக் காரும் அந்த உயரத்துக்குள் நுழையாது. இதே இடத்தில் இன்னோவா கிரிஸ்டாவோ (1,795 மி.மீ.) ஃபார்ச்சூனரோ (1,835 மி.மீ.) வைத்திருக்கும் குடும்பமாக இருந்திருந்தால், பீமே இல்லாத கூரைகூடப் போதாது. இதைக் கண்டுபிடிக்க எஞ்சினியரிங் பட்டம் தேவையில்லை. தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும். லிஃப்ட் விற்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர் தலையை நிமிர்த்திப் பார்க்க மாட்டாரா?

பொருத்த வந்தவர்கள்தான் முதன்முதலில் பீமைப் பார்த்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அனுப்பிய இடத்துக்கு வந்து உழைக்கிற பிள்ளைகள். விற்பனையாளருக்குப் போன் போட்டார்கள், அவர் ஸ்பீக்கரில் சொன்ன பதிலைக் கேட்டுத்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. "பீமுல அடியில ஒரு நாலு இஞ்ச் கொத்திடலாம் சார், ஒண்ணும் ஆகாது." இரண்டு மாடி வீட்டைத் தாங்கி நிற்கும் பீமைக் கொத்துவதாம்! நான்கு அங்குலம் போனாலும் கிரெட்டா உள்ளே நுழையாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது என்பதால்தான் பீமின் அடிப்பகுதியில் கம்பி போடுகிறார்கள். நடுப்பகுதியில் எடை முழுவதும் இழுவிசையாக இறங்குவது அந்த அடிக்கம்பிகளில்தான். அவற்றை மூடியிருக்கும் கான்கிரீட்டைக் கொத்தினால் கம்பி வெளியே வரும், துருப்பிடிக்கும், பிடிமானம் போகும். நான்கு அங்குலம் கொத்தினால் கம்பியையே அறுக்க வேண்டியிருக்கும். மேலே என் தம்பி பிள்ளைகள் தூங்குகிறார்கள். அவர்கள் தலைக்கு மேல் கூரை நிற்கிறதா என்பதைவிட இவருக்குத் தன்னுடைய மீதிப் பணம் முக்கியமாகிவிட்டது. நான் மறுத்ததும் அடுத்த யோசனை வந்தது: தரையை ஒன்றரை அடி தோண்டி இறக்கிக்கொள்ளலாமாம். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது என்பதற்காக லிஃப்ட் கேட்டவனிடம், வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டை வெட்டிக்கொள் என்று சொல்கிறார்.

தரையைப் பற்றியும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சென்னையில் தனி வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும், சின்ன மனையில் சம்ப் என்ற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியும் செப்டிக் டேங்க்கும் எங்கே போகும் என்று: கார் நிற்கும் இடத்துக்கு அடியில்தான் போகும். 2003-இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு அதற்கான குழியும் அங்கேதான் வந்து சேர்ந்தது. லிஃப்ட்டின் ஒரு தூண் நிற்க வேண்டிய இடம் எங்கள் சம்ப் மூடியிலிருந்து ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை. கார் வெறுமனே நிற்கும்போது அதன் எடை நான்கு சக்கரங்கள் வழியாகப் பரவி இறங்கும். லிஃப்ட்டில் ஏற்றினால், ஒரு டன்னுக்கு மேலுள்ள காரும் இயந்திரத்தின் இரும்பும் சேர்ந்து, தூண்களின் அடித்தகடு பதியும் அந்தச் சிறிய இடங்களில் இறங்கும். கார் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும், தூணைத் தரையோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டைப் பிடுங்கப் பார்க்கும் விசையும் சேரும். சம்ப் மேல்தளம் இதற்காகக் கணக்கிடப்பட்டதல்ல. மறுபக்கத் தூணுக்குத் துளை போட்டபோது நானே பக்கத்தில் குனிந்து பார்த்தேன். டைல்ஸ் போனது, அதன் கீழே மூன்று அங்குல பி.சி.சி., அதாவது கம்பியில்லாத கான்கிரீட், போனது, அதற்கப்புறம் டிரில் பிட்டில் ஈர மணல் ஒட்டிக்கொண்டு வந்தது. ஐந்து அங்குலம் கெட்டிக் கான்கிரீட்டுக்குள் பதிய வேண்டிய போல்ட்டை மணலில் பதித்துவிட்டு, அதன் பலத்தில் ஒரு காரைத் தலைக்கு மேல் தொங்கவிட வேண்டுமாம். கம்பி கட்டி, தகுந்த கனத்தில் புதிதாகக் கான்கிரீட் போட்டு, அது இறுகும் வரை காத்திருந்து, பிறகு தூணை நிறுத்த வேண்டிய வேலை இது. அப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதை முன்பணம் வாங்கிய அன்று யாராவது சொன்னார்களா?

கேட்டால், ஸ்கோப். சிவில் வேலை உங்களுடையது, மூன்று ஃபேஸ் இணைப்பு உங்களுடையது, குழாய் மாற்றுவது உங்களுடையது. சரி, அந்த வேலைகளை நாங்களே செய்கிறோம், அதற்கான செலவையும் நாங்களே ஏற்கிறோம். ஆனால் எவ்வளவு கனத்தில் கான்கிரீட் வேண்டும், ஒரு தூணுக்கு எவ்வளவு எடை இறங்கும், எத்தனை கிலோவாட் மோட்டார், பீமுக்கு அடியில் எவ்வளவு உயரம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியது யார்? இயந்திரத்தைச் செய்தவருக்கும் விற்றவருக்கும் மட்டுமே தெரிந்த விவரங்கள் அவை. அந்தத் தாளை எங்கள் கட்டட எஞ்சினியரிடம் காட்டியிருந்தால், வரைபடத்தைப் பார்த்து அன்றே முடியாது என்று சொல்லியிருப்பார், லாரியே வந்திருக்காது. விலைப்புள்ளியில் 18 சதவீத ஜிஎஸ்டி வரை கணக்காக எழுதத் தெரிந்தவர்களுக்கு அடித்தளத்தின் அளவை எழுதத் தெரியாமல் போனதா? எழுதினால் பாதி வாடிக்கையாளர்கள் விலகிவிடுவார்கள் என்பதுதான் உண்மைக் காரணம்.

பாதுகாப்பு விஷயத்தில் இவர்கள் காட்டும் அலட்சியம் இன்னும் மோசம். தட்டுக்கு அடியில் யாராவது நின்றால் இயக்கத்தை நிறுத்தும் சென்சார், எங்கள் விலைப்புள்ளியில் விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளும் கூடுதல் உறுப்பாகத் தனி விலையில் இருந்தது. பிள்ளைகள் பந்து பொறுக்க ஓடி வரும் இடத்தில் அது விருப்பமா? மின்வெட்டு வந்தால் காரை எப்படி இறக்குவது என்று விற்பனையாளரிடம் கேட்டேன். "வால்வைத் திறந்தா தானா இறங்கிடும்" என்றார். தட்டு மேலே போய் நின்றதும் எண்ணெய் அழுத்தத்தில் தொங்குவதில்லை. தூணுக்குள் இருக்கும் இரும்புப் பூட்டின் மேல் அமர்ந்துகொள்கிறது, அப்படித்தான் அமர வேண்டும். இறக்குவதற்கு முதலில் தட்டைச் சற்று மேலே தூக்கி, எடையைப் பூட்டிலிருந்து விடுவித்து, அதன் பிறகே பூட்டை விலக்க முடியும். தூக்க மோட்டார் ஓட வேண்டும், மோட்டார் ஓடக் கரண்ட் வேண்டும். கைப்பம்ப் இருந்தால் சமாளிக்கலாம். இதில் அது கிடையாது. மிக்ஜாம் சமயத்தில் எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து, ஓடக்கூடிய ஒரே கார் மேலே பூட்டில் உட்கார்ந்திருந்தால் அவர் வந்து இறக்கித் தருவாரா?

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாங்குபவர்களின் நிலைமையும் இதேதான், சொல்லப்போனால் இன்னும் மோசம். மெக்கானிக்கல் பார்க்கிங் என்று பத்திரத்தில் ஓர் இடம் கிடைக்கும். அது பள்ளத்துக்குள் இறங்கும் தட்டா, மேலே ஏறும் தட்டா, உங்கள் கார் அதில் அடங்குமா, பராமரிப்புச் செலவு யாருடையது என்பதெல்லாம் சாவி கைக்கு வந்த பிறகுதான் தெரியவரும்.

இப்போது எங்கள் ஸ்டில்ட்டில் அந்தத் தூண்கள் பிளாஸ்டிக் உறையோடு கிடக்கின்றன. முன்பணம் திரும்பக் கிடையாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. இடத்தைத் தாங்களே வந்து அளந்து, பொருந்தும் என்று தாங்களே வாட்ஸப்பில் எழுத்தில் உறுதி கொடுத்துவிட்டு, பொருந்தாத பொருளுக்குப் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள இவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் வசிக்கும் மாவட்டத்திலுள்ள நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள விஷயத்துக்குக் கட்டணமும் இல்லை. இதே நிலையில் இருக்கும் யாரும் ஸ்கோப் என்ற அந்த வரியைப் பார்த்துப் பயந்து ஒதுங்கிவிட வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யுங்கள். நான் பதிவு செய்துவிட்டேன், வக்கீல் நோட்டீஸும் போய்விட்டது. முன்பணம் முழுவதும் வட்டியோடு வர வேண்டும், இயந்திரத்தை அவர்கள் செலவிலேயே எடுத்துப்போக வேண்டும், துளைத்த தரையைச் சரிசெய்யும் செலவையும் அவர்களே தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இதில் ஒரு ரூபாய் குறைந்தாலும் சமரசத்துக்கு வருவதாக இல்லை.